கொடைக்கு முன் ஒரு கியர்பாக்ஸ்

கியர்பாக்ஸ் இறக்குவது இரண்டு ஆள் வேலை. ஒற்றை ஆளாகச் செய்தாலும் அதே போல்ட்டுகள்தான், பேச்சுத்துணைதான் கிடையாது. வீட்டுக்குப் பின்னால் காரைக் கழற்றிப் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர் யாராவது இதை வாசித்தால், உங்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லப்போவதில்லை. உங்களுக்கும் இப்படித்தான் இருந்ததா என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

எனக்குப் பதினேழு வயது. பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றுவிட்டேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை, உட்கார முடியவில்லை. பிறகு திருநெல்வேலியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஒன்பது மாதம் இருந்தேன். ஒருநாள் பழைய உதிரியைக் கழுவி மாட்டிவிட்டு, புதுசு போட்டதாக வண்டிக்காரரிடம் சொன்னார்கள். புதுசு போடவில்லை என்று நான் சொன்னேன். மறுநாளிலிருந்து எனக்கு அங்கே வேலை இல்லை.

அப்பா சென்னையில் ஒரு மளிகைக்கடையில் வேலைக்கு நிற்கிறார். என்னையும் அங்கேயே கூட்டிப்போவது என்று முடிவுசெய்துவிட்டார். நான் மாட்டேன் என்றேன். அந்த நேரம் பார்த்து மாமாவின் டாக்ஸி, அதாவது என் அம்மாவின் தம்பி ஓட்டும் கார், இரண்டாம் கியர் போட்டாலே கரகரவென்று கத்த ஆரம்பித்தது. நான் பார்க்கிறேன் என்றேன். அப்பா போனில் சொன்னது இதுதான்: ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருவேன், அதற்குள் அந்த வண்டி ஓடினால் நீ இங்கேயே இரு, ஓடாவிட்டால் என்னோடு பஸ் ஏறு. கொடைக்கு இருபது நாள் இருந்தது. முக்கூடலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் மாமா வண்டியை விட்டுவிட்டு, பஸ்ஸில் போனார்.

நெஞ்சு மேல் பெட்டி

கியர் பெட்டியை இறக்கும்போது தாங்கிப் பிடிக்க ஒரு ஆள் வேண்டுமே என்று, என்னோடு படித்த இசக்கியைக் கேட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றான். பதினொரு மணி வரை பார்த்தேன். எனக்குப் பொறுமை கிடையாது. காருக்கு அடியில் படுத்து, ஜாக்கியும் பழைய டயரும் வைத்துக் கடைசி போல்ட்டைக் கழற்றினேன். பெட்டி ஜாக்கியிலும் நிற்கவில்லை, டயரிலும் விழவில்லை, நேராக என் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. வலியைவிட, கூப்பிட ஆள் இல்லையே என்பதுதான் முதலில் தோன்றியது. அம்மா, தான் சுற்றிய பீடியைக் கடையில் கொடுக்கப் போயிருந்தாள்.

கால் மணி நேரம் கிடந்திருப்பேன். பக்கத்து வீட்டு செல்வி அக்கா அரிசி புடைக்கச் சொளவு கேட்டு வந்தார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் கால்களை மட்டும் பார்த்துவிட்டு, அக்கா என்று நான் முனகியதைக் காதில் வாங்காமலே திரும்பிப் போனார். போகும்போது சொன்னார்: “பட்டப்பகல்ல காருக்கு அடியில என்ன உறக்கம், எந்திச்சு ரெண்டு எழுத்து படிக்கலாம்லா.”

ஞாயிற்றுக்கிழமை வந்த செய்தி

பைய உடம்பைத் திருப்பி, பெட்டியை டயர் மேல் உருட்டி வெளியே வந்தேன். சட்டையெல்லாம் கறுப்பு எண்ணெய். போனை எடுத்துப் பார்த்தால் இசக்கியிடமிருந்து ஒரு செய்தி, பத்தரை மணிக்கே அனுப்பியிருக்கிறான். அதை நான் பார்த்திருந்தாலும் காத்திருந்திருக்க மாட்டேன். ஆனாலும் கோபம் வந்தது. அதில் இருந்தது இவ்வளவுதான்: “ஏலே, நாளைக்கு டெஸ்ட்டுலே, வர முடியாது, நீ பாத்து பைய தூக்கு.”

உதிரிக்கடையில் அரைமணி நேரம்

பெட்டியை வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பிரித்தால், இரண்டாம் கியரின் பித்தளை வளையம் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. கியர் விழும் முன் இரண்டு பல்சக்கரங்களின் வேகத்தையும் ஒன்றாக்குவது அந்த வளையம்தான். உள்பக்கம் மெல்லிய வரிகள் இருக்கும், வரி போனால் பிடிப்பு போச்சு. பழைய வளையத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திருநெல்வேலிக்குப் போனேன். கடை அண்ணாச்சி உள்ளே போய்த் தேடி, புதுசை எடுத்துவந்து, யார் வேலை செய்வது என்று கேட்டார். நான்தான் என்றேன்.

அவர் அதோடு விட்டிருக்கலாம். எங்கே வைத்து என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான். பெட்டி நெஞ்சில் விழுந்தது, தண்டில் பூட்டியிருக்கும் கம்பி வளையத்தைக் கழற்ற ஒரு ஆணியை வளைத்துக் கருவி செய்தது, உருண்டு போன ஒரு சின்ன இரும்புக் குண்டை அரிசிப்பானைக்குப் பின்னால் கண்டெடுத்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வாரமாக யாரிடமும் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியிருக்கவில்லை என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அண்ணாச்சி நல்ல மனுஷன், ம் ம் என்று கேட்டார். கடைசியில் மெதுவாகச் சொன்னார்: “தம்பி, சாமான் வாங்கியாச்சுல்லா, பின்னால ஆளு நிக்கி பாரு.”

வெள்ளிக்கிழமை விளக்கு

இதுதான் நான் செய்த பெரிய தப்பு. கழற்றிய சாமான்களைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு பழைய வேட்டியில் பரப்பி, வீட்டுக்குள் வைத்திருந்தேன். ஒவ்வொரு பித்தளை வளையத்திலும் ஸ்கெட்ச் பேனாவால் எண் போட்டிருந்தேன். ஏனென்றால் பழைய வளையம் தன்னோடு தேய்ந்த சக்கரத்திலேயே திரும்ப உட்கார வேண்டும். எல்லாம் யோசித்த நான், மறுநாள் வெள்ளிக்கிழமை என்பதை யோசிக்கவில்லை.

ஆற்றில் குளித்துவிட்டு வந்து பார்த்தால், வீடு கழுவியிருக்கிறது. வேட்டி கொடியில் காய்கிறது. பூஜை மாடத்தில் குத்துவிளக்குப் பக்கத்தில் என் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தங்கம்போல் மின்னுகின்றன. அம்மா விளக்கோடு சேர்த்து அவற்றையும் புளி போட்டுத் தேய்த்திருக்கிறாள். எண் ஒன்றுகூட மிச்சமில்லை. மற்றதெல்லாம் அளவைப் பார்த்தே தெரிந்துவிட்டது. மூன்றாவதும் நான்காவதும் ஒரே அளவு. அந்த இரண்டையும் மாற்றி மாற்றி வைத்து, அழுத்தித் திருப்பி, எது எங்கே நன்றாகப் பிடிக்கிறது என்று ஒரு நாள் முழுக்கப் பார்த்தேன். இப்படித்தான் என்று தோன்றியது, நிச்சயம் என்று சொல்ல முடியவில்லை. வளையங்களை மாடத்தில் பார்த்த உடனே கத்தத்தான் வாயைத் திறந்தேன். அம்மா முந்திக்கொண்டாள்: “எம்புட்டு அழுக்கு, இதுக்குத்தான் வண்டி ஓடல போலிருக்கு.”

சக்கரமில்லாத கார்

பெட்டியைக் கொட்டகையின் மேல்கம்பத்தில் கயிறு கட்டித் தூக்கி, ஒற்றையாகவே ஏற்றினேன். இரண்டு நாள் ஆனது. கிளட்ச் சரிபார்க்க மட்டும், மேலே ஒருவர் மிதிக்க வேண்டும், கீழே ஒருவர் பார்க்க வேண்டும். அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா டிரைவர் சீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கார் கல் மேல் நிற்கிறது, முன்சக்கரம் இரண்டும் இல்லை, ஆனாலும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

மிதி என்றால் மிதித்தாள், விடு என்றால் விட்டாள். ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. போதும், இறங்கு என்றேன். இறங்கவில்லை. கண்ணாடி வழியாகக் கொட்டகைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: “ஏய்யா, இதுல போனா உங்கப்பா இருக்க எடத்துக்கு எவ்வளவு நேரமாவும்?”

மாமாவின் ஓட்டம்

கொடைக்கு இரண்டு நாள் இருக்கும்போது மாமா வந்தார். சாவியைக் கொடுக்கும் முன்பே சொல்லிவிட்டேன்: இரண்டாம் கியருக்குப் புது வளையம் போட்டாச்சு, மூன்றுக்கும் நான்குக்கும் பழைய வளையம் இடம் மாறியிருக்கலாம், மாறியிருந்தால் கொஞ்ச நாளில் கத்தும், எனக்கு உறுதியாகத் தெரியாது. ஏற்கெனவே இப்படி உண்மையைச் சொல்லித்தான் ஒரு வேலை போனது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

மாமா சாவியை வாங்கிக்கொண்டு அம்பாசமுத்திரம் ரோட்டில் வண்டியை விட்டார். ஒவ்வொரு கியராக ஏற்றினார், இறக்கினார். இரண்டாவது வெண்ணெய் மாதிரி விழுந்தது. மூன்றும் நான்கும் கத்தவில்லை. நான் பக்கத்தில் அவர் கியர் மாற்றும் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டு மாமா சொன்னார்: “மருமவனே, நாளக்கழிச்சு திருச்செந்தூருக்குச் சவாரி இருக்கு, நீ இதச் சொல்லாம இருந்தா நான் நிம்மதியாப் போயிருப்பேம்லா.”

கொடை அன்று

அப்பா காலையில் வந்து இறங்கினார். வந்ததும் பின்பக்கம் போய்ப் பார்த்தார். கொட்டகையில் வண்டி இல்லை, எண்ணெய்க் கறைதான் இருந்தது. ஓடுகிறது, திருச்செந்தூர் போயிருக்கிறது என்றேன். வாயால் சொன்னால் யார் நம்புவார்? மாமாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். மூன்றாம் கியர் கத்தி, வழியில் நின்று, சவாரிக்காரர்கள் ரோட்டோரம் உட்கார்ந்திருப்பதாகவே நினைத்தேன். அம்மா என் சட்டைகளை ஒரு பையில் மடித்து வைக்கிறாள், அதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் மாமாவே கூப்பிட்டார். வண்டி ஓட்டும்போது எப்படிப் போனை எடுப்பது, பதினாலு தடவையா கூப்பிடுவாய் என்று கத்தினார். பின்னால் ஆட்களின் சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பி வரும் வழியில் ஸ்ரீவைகுண்டம் தாண்டி டீ குடிக்க நிறுத்தியிருக்கிறார்களாம். போனிலிருந்து வந்த அத்தனையும் அப்பா காதிலும் விழுந்தது. அப்பா பையிலிருந்து என் சட்டைகளை எடுத்துக் கட்டிலில் வைத்தார். இரண்டு நாள் கழித்து அவர் மட்டும் பஸ் ஏறினார். ஏறும்போது என்னைப் பார்க்காமல் சொன்னார்: “ஓடுதுல்லா, அப்ப நீ இங்கனயே கெட.”

இது நடந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, மாமா இந்தப் பக்கமே வரவில்லை, கியர்பாக்ஸ் வேலையில் கஷ்டம் என்னவென்றால் அதை ஒழுங்காகச் செய்துவிட்டால் அப்புறம் நம்மைத் தேடி ஒருத்தரும் வருவதில்லை.