பேறுகால அறையின் கங்கு

பிள்ளைகளே, உங்களில் மூத்தவள் பிறந்த மழைக்காலத்தைப் பற்றி அம்மா உங்களுக்குச் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருப்பாள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை. அதனால் என் பங்கை எழுதி வைக்கிறேன்.

மூத்தவள் மாதம் நிறையுமுன் பிறந்தவள். கார்த்திகை மழை, ஆற்றில் செம்மண் வெள்ளம், வீட்டுச் சுவரெல்லாம் ஓதம். பிள்ளையைச் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தங்காது என்று மருத்துவச்சி சொல்லிப் போனாள். பேறுகால அறையில் கணப்புச் சட்டி வைத்து, உடைமரக் கரி போட்டோம். ஊரிலிருந்து வந்த என் அக்காள்தான் அதைப் பார்த்துக்கொண்டாள்.

ஆனால் நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வரும்போதெல்லாம் அறை குளிர்ந்தே கிடந்தது. பிள்ளையின் பாதத்தைத் தொட்டால் ஈரத்துணியைத் தொட்டதுபோல் இருக்கும். கரி நமுத்திருக்கும் என்று அடுப்பங்கரையில் காயப்போட்டேன். ஓட்டிடுக்கில் சாக்கைத் திணித்தேன். சட்டியைக் கட்டிலோரமாக இழுத்து வைத்தேன். எதுவும் உதவவில்லை. "பகலெல்லாம் தூங்குதியா?" என்று அக்காளைக்கூடக் கேட்டுவிட்டேன். அவள் சட்டியில் கிடந்த சாம்பலை அள்ளிக்கொண்டு வெளியே போனாள்.

ஒரு சனிக்கிழமை வீட்டில் இருந்தேன். அடுத்த வீட்டுப் பெண் உடைந்த ஓட்டுச்சில்லோடு வந்தாள்.

"மயினி, ரெண்டு கங்கு தாங்க."

அக்காள் கணப்புச் சட்டியைக் கிளறி, நன்றாகக் கனன்றதாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். அவள் போனதும் இன்னொருத்தி. சட்டியில் சாம்பல்தான் மிஞ்சியது.

"அடுப்புல இருந்து குடுக்கப்படாதா?" என்றேன்.

"சமையல் முடிஞ்சா அடுப்பு அணைஞ்சிருதுல்லா. இங்கனதான் எப்பவும் நெருப்பு கெடக்கு."

"இல்லைன்னு சொன்னா என்ன?"

"ஏலே, நீதானல செபக்கூட்டத்துல பேசின? பிள்ளை பெத்த வீட்டுல நெருப்பு குடுக்கப்படாது, வாங்கப்படாதுங்கதெல்லாம் பழைய இருட்டு, என் வீட்டுல வந்து வாங்குங்கன்னு? அதுக்குத்தான் வாராளுவ. தீப்பெட்டி வச்சிருக்கவளும் வாரா."

உண்மைதான். எங்கள் தெருவில் பாதிப்பேர் புதிதாகச் சபையில் சேர்ந்தவர்கள். தீட்டை விடுங்கள் என்று எழுந்து நின்று முழங்கியவன் நான். என் பேச்சை நம்பிய ஒவ்வொருத்தியும் என் பிள்ளையின் சூட்டில் கொஞ்சம் எடுத்துப் போயிருக்கிறாள்.

அதற்குள் மூன்றாவதாக ஒருத்தி வாசலில் நின்றாள். தீட்டை விடமாட்டேன் என்று என்னோடு வெகுநாள் மல்லுக்கட்டியவள். உள்ளே பிள்ளை பூனைக்குட்டிபோல் முனகியது.

"இன்னைக்கு இல்லம்மா. பிள்ளைக்குக் குளிருது" என்றேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எங்க வீட்டுலயும் இப்படித்தான் ஏதாவது சாக்கு சொல்லுவோம், வாத்தியாரய்யா. தீட்டுன்னு வாய்விட்டுச் சொல்லுததில்ல."

"தீட்டு இல்லம்மா, மெய்யாவே குளிருது."

"இருக்கட்டும், இருக்கட்டும். உங்களுக்கும் உண்டுங்கது தெரிஞ்சுதுல்லா."

அவள் தெருவில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும், பிறகு யாரும் வரவில்லை. சாயங்காலத்துக்குள் அறை சூடேறிற்று. பிள்ளை விரல்களை விரித்துக்கொண்டு தூங்கினாள். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். ஆனால் அடுத்த செபக்கூட்டத்தில் தலை நிமிரவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து, முதலில் எழுந்து வந்துவிட்டேன்.

பிள்ளை தேறியபின், மழை சற்று விட்ட ஒரு மாலை, யாரிடமும் சொல்லாமல் அந்தச் சட்டியிலிருந்தே ஒரு கங்கை ஓட்டுச்சில்லில் எடுத்துக்கொண்டு, நான் இல்லையென்று திருப்பி அனுப்பிய அந்தப் பெண் வீட்டுக்கு நடந்தேன். பாதி வழியில் தூறல் பிடித்தது. கையால் மறைத்து ஊதிக்கொண்டே போயும், அவள் வாசலை எட்டுமுன் கங்கு கறுத்துவிட்டது. கூப்பிடாமல் திரும்பினேன். ஈரக் கரியை வேட்டி நுனியில் துடைத்து, சட்டியிலேயே மறுபடி போட்டேன்.