முதுகுக்குப் பின்னால் பிறை

பெரிய கடைவீதியில் குடைக்கடை வைத்திருந்த ஹமீது ராவுத்தர் யாரையும் எதுவும் கேட்டதில்லை. ஊரார்தான் அவரைக் கேட்பார்கள். திருச்சி வானொலியில் பாட்டு தொடங்கியதுமே ராகம் சொல்வார். சஹாராவில் மழை பெய்யுமா, வௌவால் ஏன் தலைகீழாகத் தொங்குகிறது, எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பார். மழையில் குடை வாங்கப் போய், பாடம் கேட்டுவிட்டு, குடையை மறந்து நனைந்தபடி திரும்பிய ஆள் ஒருவன் உண்டு. நான்தான்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு நோன்பு மாத முடிவு. மறுநாள் பெருநாளா என்று தெரிந்துகொள்ள, தெருவே அவர் வீட்டு மொட்டை மாடியில் ஏறிப் பிறை தேடியது. மேற்கே ஒரு புள்ளி மின்னியது.

"அது என்ன நட்சத்திரம் பாய்?" என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன்.

"நட்சத்திரம் இல்லீங்க, வெள்ளிக் கிரகம்."

மேற்குக்கு முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்து நின்று ஆரம்பித்தார். வெள்ளி சூரியனைச் சுற்றும் கணக்குக்கு வந்தபோது, அவர் தோளுக்கு மேலே பிறை எட்டிப் பார்த்தது.

"பிறை! பிறை!" என்று கத்தினோம்.

"பொறுங்க, பிறைக்கும் வரேன்" என்று கையமர்த்தினார்.

பேச்சு பிறைக்கு வந்து சேர்ந்து அவர் திரும்பியபோது மேகம் மூடிவிட்டது. தெருவெல்லாம் பெருநாள் கூச்சல்.

கொஞ்ச நேரம் வெறும் வானத்தைப் பார்த்தார். பிறகு, கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த மனைவி ஆரிஃபாவிடம் மெல்லக் கேட்டார்: "எப்படிம்மா இருந்துச்சு?"

"வளைஞ்சு, அழகா, உங்க குடைக் கைப்பிடி மாதிரியே இருந்துச்சுங்க."