கேட்டவர்களுக்கு மட்டும்

நாற்காலியில் ஏறி, கூரையில் இருக்கும் புகை அலாரத்துக்குக் குளியல் தொப்பி ஒன்றை மாட்டிவிட்டுத்தான் சயந்தினி கற்பூரம் கொளுத்துகிறாள். ஒருமுறை மறந்துபோனாள். டென்மார்க்கில், புரொண்பியின் அந்த மாடிக் குடியிருப்பு முழுவதும் படுக்கை உடையோடு படியிறங்கி வெளியே நின்றது. கீழ்வீட்டு டேனிஷ்காரர் இன்றும் அவளைக் கண்டால் மூக்கை உறிஞ்சிக் காட்டிச் சிரிப்பார்.

வயது பதினாறு. காதில் மூன்று தோடு, விரல்களில் உரிந்துகொண்டிருக்கும் நகப்பூச்சு. துவாய்கள் அடுக்கும் அலுமாரியின் மேல்தட்டில்தான் சாமி. அங்கே வைத்தவர் தாய் யோகமலர். முதியோர் இல்லத்தில் அதிகாலை வேலை என்பதால் அவருக்கு வெள்ளிக்கிழமைகூடக் கும்பிட வாய்ப்பதில்லை. நாள் தவறாமல் கும்பிடுவது மகள் மட்டும். “எங்கட பக்கத்தில ஒருத்தருக்கும் இப்பிடிப் பக்தி முத்தினதில்லை. இவளுக்கு எங்கால வந்ததெண்டு தெரியேல்ல” என்கிறார் யோகமலர், பெருமையா கவலையா என்று பிரித்தறிய முடியாத குரலில்.

வகுப்பில் யாரும் கடவுளைப் பற்றிப் பேசுவதில்லை. பதினான்கு வயதில் தேவாலயத்தில் விசுவாசத்தை உறுதிசெய்யும் திடப்படுத்தல் சடங்கை முடித்து, விருந்தும் பரிசும் பெற்ற பிள்ளைகள். அதன்பின் அந்தப் பக்கம் போனதில்லை. ஆனால் சைக்கிள் நிறுத்துமிடத்தில், மற்றவர்கள் போகும்வரை பூட்டோடு மல்லுக்கட்டுவதுபோல் பாவனை செய்துவிட்டு, தங்களுக்காகக் கும்பிடச் சொல்லி ஒவ்வொருவராகச் சயந்தினியிடம் வருகிறார்கள். “நான் நம்புறேல்ல, ஆனா...” என்றுதான் தொடங்குவார்களாம், டேனிஷில். விக்ரோரியா தன் நாயின் அறுவைச் சிகிச்சைக்காகக் கேட்டாள். நாய் செத்துவிட்டது. அடுத்த கிழமை அவளே கணிதப் பரீட்சைக்காக வந்து நின்றாள். பெற்றோர் பிரியக்கூடாது என்று ஒருவன் கேட்டபோது மட்டும் சயந்தினி பேரம் பேசினாள். “அது பெரிய விசயம். உனக்கு நித்திரை வரட்டும் எண்டு கேக்கிறன் எண்டன். சரியெண்டான்.”

கேட்டவரின் பெயரை வாய்விட்டுச் சொல்லிக் கும்பிடுவாள். கேட்காதவருக்காக ஒருபோதும் இல்லை. “அது அவையின்ர ஃபோனை எடுத்துப் பாக்கிற மாதிரி.”

இந்த விதி இப்போது வீட்டுக்குள்ளேயே இடிக்கிறது. தந்தை தவராஜா பஸ் சாரதி. இடது கண்ணின் பக்கப் பார்வை மங்கி வருகிறது. வெள்ளிக்கிழமை காலை கண் மருத்துவர் சரியென்று சொன்னால்தான் பஸ் ஓட்டும் அனுமதி நீளும். இல்லையென்றால் அன்றோடு ஸ்டியரிங்கை விட வேண்டியதுதான். இந்த நாட்டில் அவர் விரும்பிச் செய்த வேலை இது ஒன்றுதான்.

வியாழன் மாலை, சோறு போட்டதும் சயந்தினியே வாய் திறந்தாள். “அப்பா, உங்களுக்காகக் கும்பிடச் சொல்லி ஒருக்காக் கேளுங்கோ. நீங்கள் கேட்டாப் போதும்.”

“உன்ர சாமிக்கு டேனிஷ் விளங்குமோ? டொக்டர் டேனிஷிலதானே எழுதுவார்.”

“உங்களைவிட நல்லா விளங்கும்.”

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “ஊரில குண்டு விழேக்க சாமியைக் கூப்பிட்டுப் பாத்தனாங்கள், பிள்ளை. தம்பி போயிட்டான். இப்ப லைசென்சுக்காகப் போய் நிண்டா எனக்கு வெக்கம். என்ர பேரை அங்க எடுக்கப்படாது.”

அவர் கைகழுவப் போனதும் யோகமலர் மகளின் காதருகே குனிந்தார். “நீ மனசுக்குள்ள சொல்லன். அவருக்குத் தெரியவே போகுது?”

“எனக்குத் தெரியும், அம்மா.”

வெள்ளி விடிந்தபோது தாய் வேலைக்குப் போயிருந்தார். சயந்தினி கற்பூரத்தை ஏற்றி விக்ரோரியாவின் பெயரைச் சொன்னாள். நித்திரை கேட்டவனின் பெயரைச் சொன்னாள். வாசலில் தவராஜா ஜாக்கெட்டின் சிப்பை இழுத்து மூடும் சத்தம் கேட்டது.

“போயிட்டு வாறன், பிள்ளை.”

“ஓம், அப்பா.”

கதவு சாத்தப்பட்டது. படிகளில் அவருடைய காலடி ஓசை இறங்கிக்கொண்டே போனது. கற்பூரம் இன்னும் அணையவில்லை. சயந்தினி இரண்டு உள்ளங்கைகளாலும் தன் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.