சந்தனம் அப்பிய மீட்டர்

திருநகரில் வீட்டை ஒட்டிய ஷெட்டில் இரும்புக் கட்டில், பீரோ செய்கிறேன். சுவரில் தொங்கிய தீயணைப்புக் கருவிக்கும் ஆயுத பூஜைதோறும் சந்தனம் அப்பிக் குங்குமம் வைப்பேன். அது வேலை செய்யுமா என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

ஒரு காலையில் இரும்பு தேய்க்கும் கிரைண்டரின் தீப்பொறி, பெயிண்ட் தின்னர் நனைந்த துணியில் விழுந்து பற்றிக்கொண்டது. சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறையில் என் மனைவி. கருவியின் பூட்டு ஊசியை உருவிப் பிடியை அழுத்தினேன். காற்றுகூட வரவில்லை. கத்தினேன்.

பக்கத்து வீட்டு டீச்சர் தன் அடுப்படியில் இருந்த கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து தீயை அணைத்தார். கிரைண்டர் சத்தம் பற்றிக் கேட்டதற்காக நான் வாய்க்கு வந்தபடி திட்டிய அதே டீச்சர். என் கருவியின் மீட்டரில் இருந்த சந்தனத்தை விரலால் சுரண்டினார். முள் சிவப்பில் கிடந்தது; உள்ளே அழுத்தமே இல்லை.

"இம்புட்டுச் சந்தனத்தை அப்புனா முள்ளு எப்படிண்ணே தெரியும்? சாமியா வந்து அணைக்கும்?"

"தெரியும், போங்க!" என்று எரிந்து விழுந்தேன்.

மறுநாளே புதியது வாங்கி மாட்டினேன். ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது: எனக்காகக் காலி செய்த கருவியை வைத்துக்கொண்டுதான் அவர் சமைக்கிறார். புதியதைக் கழற்றிக்கொண்டு போய் அவர் அடுப்படியில் மாட்டினேன். தீயை நினைத்தால்கூட இல்லை, அந்த ஒரு வாரத்தை நினைத்தால்தான் இன்றும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.