செத்த தளபதி குதிரை ஏறிய வகுப்பு

1. புத்தகம் வரவில்லை

வேலையில் சேர்ந்த முதல் நாளே தலைமையாசிரியை சொன்னார்: "ஏம்மா, லெவன்த் ஏ-வுக்கு நான்-டீடெயில் நீங்கதான். புத்தகம் இன்னும் வரலை. அதுக்காக வகுப்பு நிக்கக்கூடாது, பாத்துக்கங்க."

அறுபத்தாறாம் வருஷம், காரைக்குடியில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளி. நான் தமிழாசிரியை. வயது இருபத்துமூன்று, வேலை ப்ரொபேஷன். ஆகஸ்டில் இன்ஸ்பெக்டரம்மா வந்து நல்ல ரிமார்க் எழுதினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்பி, அப்பா பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அந்த மாப்பிள்ளையை நான் பார்த்திருந்தேன். ஆகவே வேலை மிக அவசியம்.

நான்-டீடெயில் என்கிற துணைப்பாடம் ஒரு சரித்திரப் போர் நாவல். கோட்டை முற்றுகை, சுரங்க வழி, மாறுவேடம் எல்லாம் உண்டு. முன்பு வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதை. அந்தக் காலத்தில் தொடர்கதைப் பக்கங்களை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டு பண்ணி வைத்துக்கொள்வார்கள். கண்டனூரில் ஓர் ஆச்சி வீட்டில் அப்படி ஒன்று இருப்பதாகத் துப்புக் கிடைத்தது. சனிக்கிழமை பஸ் ஏறிவிட்டேன்.

ஆச்சிக்கு ஐம்பது வயதிருக்கும். மஞ்சள் துணியில் சுற்றிய புத்தகத்தைக் கொடுக்கும்போது, "பத்திரமாக் கொண்டாந்துருங்க டீச்சர். வருசத்துக்கு ஒருக்கா இத நான் படிச்சாகணும்" என்றார். உள்ளே இரண்டாங்கட்டு முற்றத்திலிருந்து அவர் கணவரின் குரல் வந்தது: "கதைப் பொத்தகத்துக்கு இம்புட்டு உபசாரம். எனக்குக் காப்பி இல்லையா?"

2. கரும்பலகையில் எழுதிய இரண்டு சொல்

ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சோறு தண்ணீர் மறந்து படித்தேன். கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் மார்பில் அம்பு தைத்துத் தளபதி ஆற்றங்கரையில் செத்துப்போகிறான். அழுதுகொண்டே பக்கத்தைத் திருப்பினால், அதே தளபதி வெள்ளைக் குதிரையில் கோட்டைக் கதவை உடைத்துக்கொண்டு நுழைகிறான்!

திகைத்தேன். அந்த இரண்டு அத்தியாயங்களின் எண் மேலும் கடைசி வரியின் அடியிலும் வெள்ளைத்தாள் துண்டு ஒட்டியிருந்தது. கிழிசலை ஒட்டியிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். கடைசிப் பக்கத்தில் பேனாவால் 'சுபம்' என்று எழுதியிருந்தது. பிறகு எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதுதான் வினை. உடல் சாய்ந்த பிறகு வீரம் குதிரை ஏறி வருகிறது! என்ன உத்தி, என்ன உத்தி!

'இறவா வீரம்' என்று கரும்பலகையில் எழுதி மூன்று பீரியட் நடத்தினேன். பெண்கள் அழுதார்கள், பிறகு கை தட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

3. இன்ஸ்பெக்ஷன்

அச்சுப் புத்தகங்கள் வந்து சேர்ந்தது சரியாக இன்ஸ்பெக்ஷன் அன்று காலையில். கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். குதிரை முதலில். சாவு பிறகு. சாவுக்குக் கீழே 'முற்றும்'. மாப்பிள்ளையின் முகம் கண் முன்னால் வந்து நின்றது.

இரண்டாவது பீரியட். கடைசி பெஞ்சில் இன்ஸ்பெக்டரம்மா. பெண்கள் கையில் புதுப் புத்தகம். ஆசாரி வீட்டுக் கற்பகம் எழுந்தாள். "டீச்சர், நீங்க கடைசியாச் சொன்னது இதுல முன்னாடி இருக்கு."

மறைக்க வழியில்லை. "நான் படித்த புத்தகத்தில் அத்தியாயம் மாறியிருக்கிறது. நான் நடத்தியது தப்பு" என்றேன்.

"அதெப்புடித் தப்பாகும்?" என்றாள் கற்பகம். "நீங்க சொன்னீகள்ல, அதுதான் நல்லாருக்கு. செத்ததோட முடியிறதுக்கு எதுக்கு டீச்சர் அம்புட்டுச் சண்டை?"

விவசாயி வீட்டுப் பெண் செல்லம் துள்ளி எழுந்தாள். "சண்டைன்னா சாவத்தான் செய்வாக. ஜெயிச்சவனும் செத்தாத்தான் நமக்கு உறைக்கும்!"

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. பெஞ்சைத் தட்டிக் கத்தினார்கள். போரின் பயன், வெற்றியின் விலை என்று நான் நோட்ஸில் எழுதி வைத்திருந்ததெல்லாம் அவர்கள் வாயிலிருந்து தானாக வந்தது. இன்ஸ்பெக்டரம்மா எழுந்து நின்றார். செத்தோம் என்று நினைத்தேன்.

"உக்காருங்க எல்லாரும்! நான் இதை வாராவாரம் படிச்சவ. அவன் செத்த வாரம் நான் சாப்பிடவே இல்லை. ஆனாலும் செல்லம் சொல்றதுதான் சரி."

கற்பகம் அவரையும் விடவில்லை. மணி அடித்தது யார் காதிலும் விழவில்லை.

ரிமார்க் இது: 'ஆசிரியை தவறு செய்தார், ஒப்புக்கொண்டார். வகுப்பு உயிரோடு இருக்கிறது.' ஸ்டாஃப் ரூமில் நான் குதித்த குதியில் மைக்கூடு கவிழ்ந்தது.

4. திருப்பிக் கொடுத்தது

அந்த வாரமே கண்டனூர் போனேன். "ஆச்சி, பைண்டர் கடைசி ரெண்டு அத்தியாயத்தை மாத்தித் தச்சுட்டாரு. சரி பண்ணித் தரட்டுமா?"

"ஐயையோ, தொட்டுறாதீக!" ஆச்சி புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார். "அப்புடித் தைக்கச் சொன்னதே நான்தான். நம்பர் மேல தாள் ஒட்டுனதும் நான்தான்."

"ஏன் ஆச்சி?"

ஆச்சி இரண்டாங்கட்டுப் பக்கம் கையைக் காட்டினார். "பர்மாவுல சப்பான்காரன் குண்டு போட்டப்ப, அங்க தொழில் பாத்த இவுக செத்துட்டாகன்னு சேதி வந்துருச்சு. அழுது, காரியமெல்லாம் முடிச்சு மூணு மாசம். ஒரு நா உச்சிவெயில்ல தாடியும் மீசையுமா வாசல்ல வந்து நிக்கிறாக. காடுமேடெல்லாம் நடந்தே வந்துருக்காக. நான் பாத்த சண்டையில சாவுதான் மொதல்ல வந்துச்சு டீச்சர். ஆளு பெறகுதான் வந்தாக."

முப்பது வருஷம் நாவல் நடத்திவிட்டேன். இளைய ஆசிரியர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். பிள்ளை எழுதியது தப்பாகத் தெரிந்தால், சிவப்பு மையைத் தொடும் முன் 'ஏன் இப்படி எழுதினாய்' என்று கேளுங்கள். பதில் சில சமயம் இரண்டாங்கட்டில் உட்கார்ந்து காப்பி கேட்டுக்கொண்டிருக்கும்.