எஃப்-28க்கு ஆறு ஓட்டு

நான் ஆடும் விமான கேமில் எஃப்-28 என்ற பழைய சிறு ஜெட்டைச் சேர்க்கச் சொல்லி, அந்த கேமின் இணையக் குழுவில் இன்று எழுதினேன். ஐந்து ஓட்டு விழுந்தால்தான் பரிசீலிப்பார்களாம்.

பிரவுசிங் சென்டர் அண்ணாச்சியிடம் சொன்னேன்.

“எத்தன பேரு ஏறலாம்?”

“அறுபத்தஞ்சு.”

“நம்ம பசுவந்தனை பஸ்ஸுல அதுக்கு மேல ஏறுதாவ. சரி, ஏலே, தம்பிக்கு ஆளுக்கொரு ஓட்டு போடுங்கலே!”

அங்கிருந்த ஆறு பேரும் பெயர் பதிந்து போட்டார்கள்.

பத்தே நிமிடத்தில் குழு நிர்வாகிகள் என் பதிவை நீக்கிவிட்டார்கள். ஆறு ஓட்டும் ஒரே இணைப்பிலிருந்து வந்ததால், ஆறு பேரும் நானேதானாம்! சென்டருக்கே ஒரு இணைப்புதான் என்று எழுதினேன். “ஏழாவது பெயரில் வராதே” என்று பதில்.

“நேர்ல போயி வரிசையா நிக்கட்டுமாடே?” என்றார் அண்ணாச்சி.

ஆறு பேர் ஆறு பேர்தான் என்று எப்படி நிரூபிப்பது? சத்தியமாகப் புரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்த சென்டரிலிருந்து மட்டும் எழுதாதீர்கள், அதுவும் நான்தான்.