ஞாயிறு வரை தாங்க வேண்டிய முடி

பாடாலூரில் பிரவீணாவின் முகத்தைத் தெரியாதவர்கள் இருக்கலாம். குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. காதுகுத்தோ பள்ளி ஆண்டு விழாவோ, மைக்கை அவளிடம் கொடுத்துவிட்டால் பந்தலில் பாதிப் பேர் தானாகப் பேச்சை நிறுத்துவார்கள், மீதிப் பேரை அவள் நிறுத்திவிடுவாள். குரலுக்கு யாரும் குறை சொன்னதில்லை. குறை முடிக்கு வந்தது.

“எல்இடி திரையில உங்க தலை எண்ணெய்ச் சட்டி மாதிரி மின்னுதுங்க” என்றான் தமிழழகன். அரியலூர்ப் பக்கம் விழாக்களை எடுத்து நடத்துபவன். “ஞாயித்துக்கிழமை அரியலூர்ல ஜவுளிக்கடை திறப்பு. கடைக்காரங்க திருச்சிப் பொண்ணு ஒண்ணைக் கூப்பிடலாம்னாங்க. நான்தான் ஒரு வாட்டி இவங்களைப் பாருங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். தலையை மட்டும் சரி பண்ணிட்டு வாங்க. இது நல்லா அமைஞ்சா சீசன் முழுக்க நீங்கதான்.”

பெரம்பலூரில் பார்லர் வைத்திருக்கும் கீதாஞ்சலிக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் நேரம் இருந்தது. சனி, ஞாயிறு இரண்டும் சிறுவாச்சூரில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு. வெள்ளியன்றே ப்ளோ ட்ரை செய்து, அதை ஞாயிறு வரை காப்பாற்ற வேண்டும்.

“இது தலையா, செக்கா?” என்று திட்டிக்கொண்டே கீதாஞ்சலி இரண்டு முறை ஷாம்பு போட்டாள். பிறகு முடியைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து, உருளை பிரஷ்ஷில் சுற்றி இழுத்து ட்ரையரால் சூடு காட்டினாள். கண்ணாடியில் தெரிந்தவளை பிரவீணா வேறு யாரோ என்றுதான் நினைத்தாள்.

“தண்ணி படக்கூடாது, எண்ணெய் படக்கூடாது, கை படக்கூடாது.”

“எங்க வூட்டுக்காரரு?”

“பாக்கலாம். தொடக்கூடாது.”

அன்று இரவு முடியை உச்சந்தலையில் தளர்வாகச் சுருட்டி ஒரு துணி வளையம் மாட்டினாள். பழைய பட்டுச் சேலைத் துண்டைத் தலையணையில் விரித்துப் படுத்தாள். காலையில் கூடத்தில் சின்ன வெங்காயம் ஆய உட்கார்ந்தபோது, தூசியும் வாடையும் ஏறாமல் தலைக்கு ஒரு பிளாஸ்டிக் தொப்பி. “கவர் போட்ட பலாப்பழம் மாதிரி இருக்க” என்றாள் மாமியார் சிந்தாமணி.

சனிக்கிழமை மதியம் எதிர் வீட்டுப் பொன்னுத்தாய் இறந்துபோனாள். விழாவுக்குப் போன நாட்களிலெல்லாம் பிரவீணாவின் மகளைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டவள்.

“வாசல்ல நின்னு மாலையைக் குடுத்துட்டு வந்துடு” என்றாள் சிந்தாமணி. “உள்ள போயிட்டா தலை முழுகணும். இவ்ளோ பாடுபட்டதும் தண்ணியோட போயிடும். ஒருத்தரும் தப்பா நினைக்க மாட்டாங்க.”

பிரவீணா தொப்பியையும் துணி வளையத்தையும் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுத் தெருவைக் கடந்தாள். பெண்கள் கூட்டம் அவளை இழுத்து அணைத்துக்கொண்டது. பொன்னுத்தாயின் மகள் அவள் தோளில் முகம் புதைத்து அழுதாள். ஊதுபத்திப் புகையும் கண்ணீரும் முடியில் ஏறின. சடலத்தைத் தூக்கிய பிறகு, கொல்லையில் நின்று தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். உடனே போனை எடுத்தாள்.

“முடி போச்சு கீதா. திரும்பப் பண்ணணும்.”

“விளையாடுறியா? நாளைக்கு விடியறப்பவே நான் சிறுவாச்சூர் மண்டபத்துல இருக்கணும்.”

“நான் அங்க வரேன். நீ பொண்ணை மேடைக்கு அனுப்பின உடனே என் தலையைப் பிடி.”

ஞாயிறு விடியலில் முடியை அலசி, துண்டால் சுற்றிக்கொண்டு முதல் பஸ் பிடித்தாள். மணமகள் அறை காலியாகிக்கொண்டிருந்தது. கீதாஞ்சலி நாற்காலியை இழுத்துப் போட்டபோது பெண்ணின் அத்தை எட்டிப் பார்த்தாள்.

“யாரும்மா இது, ஈரத்தலையோட?”

கீதாஞ்சலி பிரவீணாவின் காலை மிதித்தாள்.

“பக்கத்துல பாடாலூருங்க. நேத்து எதிர் வூட்டுல சாவு. தலை முழுகிட்டுத்தான் வந்தேன்” என்றாள் பிரவீணா. அத்தையின் முகம் மாறுவதைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். “நல்ல காரியம் நடக்குற இடம். நான் வெளியில இருந்துக்குறேங்க.”

“தப்பா எடுத்துக்காதம்மா.”

“இதுல என்னங்க இருக்கு.”

நடையில் கீதாஞ்சலி பொரிந்து தள்ளினாள். “பொய் சொன்னா வாய் வலிக்குமா ஒனக்கு?”

“மறைச்சது பின்னால தெரிஞ்சா, அந்தப் பொண்ணுக்குத் தலை வலிச்சாக்கூட அந்தம்மா என்னைத்தான் நினைக்கும். வேற பிளக் எங்க இருக்கு?”

பிளக் இருந்தது சமையற்கட்டுக்கு வெளியே. அதில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

“சட்னியில முடி கெடந்தா என் பேருதான் கெடும்” என்றார் சமையல்காரர் பெரியசாமி.

“காத்து அடிக்கிற பக்கம் பாத்துத்தான் அண்ணே உக்காந்திருக்கேன்.”

“ரெண்டையும் போட்டா ஃபியூஸ் போயிடும். ஒண்ணு என் சட்னி, இல்ல ஒன் மண்டை.”

கிரைண்டர் நின்றபோது ட்ரையர் ஓடியது. ட்ரையர் நின்றபோது கிரைண்டர். வலப்பக்கம் தயாராகிவிட்டது, இடப்பக்கம் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் பந்திக் கதவை ஜனங்கள் முட்ட ஆரம்பித்தார்கள். பெரியசாமி கரண்டியோடு பிளக்கைப் பிடுங்க வந்தார். பிரவீணா பாதித் தலையோடு எழுந்து போய்க் கதவருகே நின்றாள்.

“உறவினர்களே! தாலி ஏறட்டும், அட்சதை போடணும்ல? போட்டுட்டு வாங்க. இலை எங்கயும் ஓடிடாது!”

மைக் இல்லாமலே கூட்டம் சிரித்துக்கொண்டு மேடைப் பக்கம் திரும்பியது. பெரியசாமி கிரைண்டரை நிறுத்திவிட்டு ட்ரையர் பிளக்கை அவளிடம் நீட்டினார்.

இடப்பக்கமும் காய்ந்ததும் அரியலூர் பஸ் ஏறி, ஜன்னலை விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். சிமெண்ட் லாரிகள் கிளப்பிய புழுதிக்கு முடியைச் சுருட்டித் துப்பட்டாவுக்குள் போட்டுக்கொண்டாள். கடைவாசலில் இறங்கி அதை அவிழ்த்து, விரலால் ஒரு உதறு உதறினாள்; தோளில் அழகாக விழுந்தது.

தமிழழகன் அவளைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். “இப்பத்தான் பார்லர்லேருந்து வரீங்களா?”

“கல்யாண மண்டபத்து அடுப்படியிலேருந்து.”

அவன் சிரித்துக்கொண்டே மைக்கைக் கொடுத்தான். மதியம் கூட்டம் கலையும்வரை அதை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

“கடைக்காரங்களுக்குத் திருப்திங்க” என்றான் தமிழழகன். “புதன்கிழமை ஜெயங்கொண்டத்துல ஒண்ணு இருக்கு. தலை இதே மாதிரி இருக்கணும்.”

“புதன் வரைக்கும் இது நிக்காதுங்க. அன்னைக்குக் காலையில புதுசா பண்ணிக்கிட்டு வந்துடுறேன்” என்று சொல்லிக்கொண்டே கீதாஞ்சலிக்குப் போன் போட்டாள்.